சுதி சேர்க்கிறார் என்று நினைத்தோம்

எங்கள் மாப்பிள்ளை என்ன வாசிக்கிறார் என்று போடியில் கேட்பார்கள். சாக்சபோன் என்பேன். கல்யாணக் கச்சேரியா என்பார்கள். இல்லை என்பேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வராது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. வேலை ஏலக்காய் ஸ்டோரில். போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில், பச்சைக்காயை அடுப்புச் சூட்டில் உலர்த்துகிற கட்டடம் அது. இருபத்தாறு வருஷமாக அதே கட்டடம், அதே அடுப்பு.

போன வருஷம் பெங்களூரில் மாப்பிள்ளை வாசிப்பதைக் கேட்கப் போனோம். மாடியில் ஒரு அறை. பிளாஸ்டிக் நாற்காலி. கேட்க வந்தவர்கள் பதினான்கு பேர், என்னையும் என் வீட்டுக்காரியையும் சேர்த்து. வாசித்தவர்கள் மூன்று பேர். பாட்டு என்று ஒன்று கிடையாது. தாளம் வரும், போகும். என்ன வாசிப்பது என்று முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்வதும் இல்லையாம். அரை மணியில் வீட்டுக்காரி தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை.

முடிந்ததும் பக்கத்து நாற்காலிக்காரர் தமிழில் கேட்டார். "எப்படி சார் இருந்துச்சு?"

"நல்லாக் கேட்டாங்க" என்றேன்.

வாசித்தார்கள் என்பதற்குப் பதிலாக வாய் தவறிவிட்டது என்று நினைத்திருப்பார். தவறவில்லை. எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். அது எனக்கு எப்படித் தெரிந்தது என்பதற்கு, மகளுக்குப் பூ வைத்த நாளில் இருந்து சொல்ல வேண்டும்.

மகள் பெங்களூரில் நர்ஸ். அங்கேயே ஒருவரைப் பிடித்துப்போயிற்று. எங்கள் ஆட்கள்தான், திண்டுக்கல் பக்கம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்கிறார். சாக்சபோன் வாசிப்பார் என்று மகள் போனில் சொன்னபோது வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். பெரிய வீட்டுக் கல்யாணங்களில் சாக்சபோன் கேட்டிருக்கிறோம். நல்ல சத்தம்.

"அது இல்லப்பா, இது ஜாஸு. அதுலயும் ஃப்ரீ ஜாஸு" என்றாள்.

"ஃப்ரீன்னா?"

"மனசுக்கு வர்றத வாசிக்கிறது."

எல்லாரும் மனசுக்கு வருவதைத்தானே வாசிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போடியில் எங்கள் வீட்டில் பூ வைத்தார்கள். முப்பது பேர் இருக்கும். மாப்பிள்ளை கையோடு கறுப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பஸ்சில் வைத்துவிட்டு வர முடியாதாம். அதைப் பார்த்ததில் இருந்து என் மச்சினனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மச்சினன் என்றால் வீட்டுக்காரியின் தம்பி. டவுனில் பலசரக்குக் கடை, மலையில் ஒரு ஏக்கர் ஏலம். என் மகளைத் தோளில் போட்டு வளர்த்தவன். எங்கள் ஆட்களில் தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண் மணவறைக்கு வர மாட்டாள்.

பந்தி முடிந்ததும் ஆரம்பித்தான். "தம்பி, அந்தப் பொட்டியத் தொறங்க. எங்க ஆளுக கேக்கணும்ல."

"என்ன வாசிக்கட்டும் மாமா?"

"உங்க இஷ்டம் தம்பி."

இதை நாங்கள் மரியாதைக்குச் சொல்வோம். விருந்தாளியிடம் காப்பியா டீயா என்று கேட்டால் அவரும் உங்க இஷ்டம் என்பார். யாரும் இஷ்டத்துக்கு எதுவும் செய்ய மாட்டார்கள். மாப்பிள்ளை அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டார்.

வாயில் வைத்தார். முதலில் காற்று மட்டும் வந்தது. பிறகு தகரத்தை இழுத்துப் போகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு ஆடு கத்துகிற மாதிரி. பிறகு மேட்டில் ஏற முடியாமல் ஜீப்பு திணறுகிற சத்தம். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். உடம்பெல்லாம் ஆடியது. ஒரு கைக்குழந்தை வீறிட்டது. அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. உடனே அதே விசிலை வாத்தியத்தில் திருப்பி அடித்தார். நாலைந்து பேர் சிரித்தார்கள். மச்சினன் சிரிக்கவில்லை.

கால் மணி நேரம் போனது. நிறுத்தினார். வேர்த்துக் கொட்டியது. ஒருவரும் கை தட்டவில்லை. தட்ட வேண்டும் என்று தெரியாது. என் பெரியப்பா மகன் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"சுதி சேத்தாச்சுல்ல. இனி ஆரம்பிங்க தம்பி."

மாப்பிள்ளை துணியால் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சிருச்சு மாமா" என்றார்.

மகள் தரையைப் பார்த்தாள். அவளைக் காப்பாற்றுகிற மாதிரி மச்சினன் சொன்னான். "ஒரே ஒரு சினிமாப் பாட்டு, தம்பி. எல்லாருக்கும் தெரிஞ்சதா."

"செய்றேன் மாமா" என்று உடனே வாசித்தார். பிசிறு இல்லை. தேன் மாதிரி இருந்தது. இப்போது கை தட்டினார்கள். விசில்கூட அடித்தார்கள். எனக்கு மூச்சு வந்தது.

அதுதான் வினை. மச்சினன் என்னை அடுப்படிக்குள் இழுத்துப் போனான்.

"மச்சான், தெரியாம அப்படி வாசிச்சிருந்தா போகட்டும்னு விட்டுருவேன். நல்லா வாசிக்கத் தெரிஞ்ச ஆளு, தெரிஞ்சே அப்படி ஊதுறாரு. ஒண்ணு நம்மளக் கேலி பண்றாரு. குக்கருக்கு விசிலடிச்சதப் பாத்தீகள்ல? இல்லைன்னா மண்டையில ஏதோ இருக்கு."

"உங்க இஷ்டம்னு நீதானப்பா சொன்ன?"

"அதுக்கு? நான் மாலை எடுக்கணும்னா எனக்கு மனசு ஒப்பணும். ஒப்பல."

மகள் கதவோரம் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டது. "நீங்க என்ன சொல்றீகப்பா?" என்றாள்.

"பாப்போம்" என்றேன்.

ஸ்டோரில் காய் பதத்துக்கு வராதபோது சொல்கிற வார்த்தை அது. அவள் மாடிக்குப் போய்விட்டாள். அன்று மாலை பஸ் ஏறும்வரை என்னிடம் பேசவில்லை. மறுநாள் அவளுக்கு டியூட்டி.

மச்சினன் சொன்னதை நான் தள்ளிவிட முடியவில்லை. எங்கள் தோட்டத்தில் முன்பு ஒரு ஆள் இருந்தார். நல்ல வேலைக்காரர். அவருக்கு மட்டும் கேட்கிற ஏதோ ஒன்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். பொண்டாட்டி நேரே நின்று கூப்பிட்டாலும் காதில் விழாது. அப்போது நாங்களும் தோட்டத்து லயன் வீட்டில்தான் இருந்தோம்; அவள் பட்ட பாட்டைப் பக்கத்து வீட்டில் இருந்து பார்த்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு ஆடிய ஆளைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பெண்ணின் முகம்தான் ஞாபகம் வந்தது. என் மகள் கூப்பிட்டால் இவருக்குக் கேட்குமா?

மாப்பிள்ளை செவ்வாய்க்கிழமைதான் ஊருக்குப் போவதாக இருந்தார். திங்கள் காலை நான் வேலைக்குப் போக வேண்டும். "மலை பாக்க வர்றீகளா தம்பி?" என்று கேட்டேன். மலையைக் காட்ட இல்லை. ஆளை ஒரு நாள் பக்கத்தில் வைத்துப் பார்க்க.

காலையில் வேலையாட்கள் போகிற ஜீப்பில் ஏறினோம். பதினாறு பேர். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். ஸ்டோரில் காய் பொறுக்குகிற பெண்கள் நாலு பேர் எதிரில் இருந்தார்கள். அதில் ஒருத்திக்கு வாய் நீளம். நாங்கள் அவளைப் பேச விட்டுவிடுவது வழக்கம். தடுத்தால் இன்னும் பேசுவாள்.

"என்னண்ணே, மாப்ளைய இப்பவே சோலிக்குச் சேத்துட்டீகளா?"

"சும்மா வர்றாரு."

"பொட்டியில என்ன தம்பி, மாமியாருக்குச் சீரா?"

"வாத்தியம்க்கா."

"அடிக்கிறதா, ஊதுறதா?"

"ஊதுறது."

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. அது ஊதாது, ராத்திரி ஆனா ஊத்திட்டு வரும்" என்றாள். ஜீப்பே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். கேலி புரிகிறது, கோபம் வரவில்லை. இது ஒன்று என்று மனசில் கணக்கு வைத்துக்கொண்டேன்.

பதினேழு கொண்டை ஊசி வளைவு. மேலே ஏற ஏற மஞ்சு, அதாவது மலைப்பனி, மூடியது. வளைவுக்கு வளைவு டிரைவர் கியர் மாற்றும்போது மாப்பிள்ளையின் தலை லேசாக அந்தப் பக்கம் திரும்பியது.

ஸ்டோரில் அன்றைக்கு உள்ளே இருந்தது மச்சினனின் காய். அவனுடைய ஒரு ஏக்கர் காயை எங்களிடம்தான் உலர்த்துவான். ஞாயிறு சாயங்காலமே மாற்று ஆள் தட்டுகளில் பரப்பி அடுப்பேற்றியிருந்தார். நான் போனதும் அவர் படுக்கப் போனார். அடுப்புச் சூடு குழாய் வழியாக அறைக்குள் போகும். ஈரத்தை வெளியே தள்ள ஒரு காத்தாடி ஓடும். மோட்டாரில் இருந்து பெல்ட் போட்டு ஓடுகிற காத்தாடி.

"எத்தன மணி நேரம் மாமா ஆகும்?"

"மணி கெடையாது தம்பி. மழைக்காய் ஒரு மாதிரி, வெயில்காய் ஒரு மாதிரி. வெறகு ஒரு மாதிரி."

"அப்ப எப்படித் தெரியும்?"

ஒரு பிடி காயை எடுத்துக் காதோரம் குலுக்கினேன். உள்ளே விதை ஒட்டிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. அவரும் ஒரு பிடி எடுத்துக் குலுக்கினார். ஒரு மணி நேரம் கழித்து, நான் சொல்லாமலே இன்னொரு பிடி எடுத்துக் குலுக்கினார். "கொஞ்சம் வருது" என்றார். வந்தது. லேசாக. எனக்கே அப்போதுதான் கேட்டது.

பெண்கள் முந்தின நாள் காயைச் சல்லடையில் சலித்துக்கொண்டிருந்தார்கள். வாய் நீண்டவளுக்குப் பொறுக்கவில்லை.

"அந்தப் பொட்டியத் தொறங்க தம்பி. எத்தன நேரம் பூட்டியே வச்சிருப்பீக?"

"என்ன வாசிக்க?"

நான் முந்திக்கொண்டேன். "சினிமாப் பாட்டு வாசிங்க தம்பி."

"சினிமாப் பாட்டுதான் எங்க போன்லயே இருக்கே. அதுக்கா ஒரு ஆளு மலையேறி வர்றாரு? வேற என்னமாச்சும் வாசிங்க."

வேண்டாம் என்று நான் கை காட்டுவதற்குள் அவர் வாயில் வைத்துவிட்டார்.

காற்று. தகரம். நேற்றுக் கேட்ட அதே கண்றாவி. பெண்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கை மட்டும் நிற்கவில்லை. காய் சலிக்கிற கை தானாகப் போகும். சர்ர், சர்ர், சர்ர். கொஞ்ச நேரத்தில் அவர் சத்தம் சின்னதாகி, அந்தச் சர்ர் சர்ருக்குள் போய் உட்கார்ந்தது. சலிப்பது எது, ஊதுவது எது என்று பிரிக்க முடியவில்லை.

ஒருத்தி தும்ம வேண்டிச் சல்லடையை நிறுத்தினாள். அவரும் நிறுத்தினார். அவள் மறுபடி ஆட்டினாள். அவரும் வந்தார்.

வாய் நீண்டவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேண்டுமென்றே இரண்டு ஆட்டு ஆட்டி நிறுத்தினாள். அவர் இரண்டு ஊதி நிறுத்தினார். மூன்று வேகமாக ஆட்டினாள். அவர் மூன்று ஊதிவிட்டு, நாலாவதாக ஒன்றை அவள் பக்கம் தூக்கிப் போட்டார். அவள் அதற்குச் சல்லடை விளிம்பில் தட்டிப் பதில் சொன்னாள்.

"ஏய், நம்ம கையப் பாத்து வாசிக்கிறாருடி" என்றாள் ஒருத்தி.

"கண்ணத்தான் மூடியிருக்காரே, எங்கிட்டுப் பாக்குறது? கேக்குறாருடி" என்றாள் வாய் நீண்டவள்.

அப்போதுதான் எனக்குக் குக்கர் விசில் ஞாபகம் வந்தது. கேலி இல்லை. வந்தது காதில் விழுந்தது, பதில் சொன்னார். அவ்வளவுதான்.

நாலு சல்லடையும் ஒன்றுக்கொன்று மாறி மாறிப் போயின. நான் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பாதி நேரம் காது கூசியது. ஆனாலும் எழுந்து போக மனசு வரவில்லை. அடுத்தது என்ன என்று வாசிக்கிறவருக்கும் தெரியாது, சலிக்கிறவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மூன்று பேரும் ஒரே இடத்தில் நின்றோம்.

திடீரென்று அவர் மட்டும் நிறுத்தினார். பெண்கள் நிறுத்தவில்லை. அவர் தலையைத் திருப்பி உலர்த்துகிற அறைப் பக்கம் பார்த்தார்.

"மாமா, அங்க கீழ்ச் சத்தம் ஒண்ணு ஓடிக்கிட்டே இருந்துச்சு. எறங்கிருச்சு."

"மதி, மதி! நிறுத்துங்கடி!" என்று கத்தினேன். போதும் என்பதற்கு எங்களுக்கு மலையாளம்தான் முந்தி வரும். ஓடினேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. காத்தாடிதான் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. பெல்ட் பாதி கிழிந்து வழுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே சூடு ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் காய் பச்சை போய் வெளுத்திருக்கும். வெளுத்த காயை வியாபாரி கையில்கூட எடுக்க மாட்டான்.

அடுப்பில் இருந்து விறகை வெளியே இழுத்துப் போட்டேன். அவர் சொல்லாமலே அறையின் கதவுகளைத் திறந்தார். வெந்நீர் ஆவி மாதிரி முகத்தில் அடித்தது. வேறு பெல்ட் மாட்டினேன். காத்தாடி ஓடியது. இரண்டு பேரும் நின்று கேட்டோம்.

"இதானா?" என்றேன்.

"இதவிடக் கொஞ்சம் மேல இருந்துச்சு" என்றார்.

பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.

"இப்பச் சரி" என்றார்.

இருபத்தாறு வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் தவறவிட்டதில்லை. அன்றைக்குத் தவறவிட்டேன். அவர் எப்படிப்பட்ட ஆள் என்று பார்ப்பதிலேயே மும்முரமாக இருந்துவிட்டேன். அத்தனை சத்தத்தையும் எழுப்பிக்கொண்டிருந்த ஆளுக்குத்தான் அது கேட்டது.

அந்தப் பழைய வேலைக்காரரின் பொண்டாட்டி முகம் அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் வரவில்லை.

மூன்று மணிக்கு மச்சினன் வந்தான். காய் எடுக்க என்று சொன்னான். முகத்தைப் பார்த்தால் வேறு ஏதோ பேச வந்த மாதிரி இருந்தது. மனசு ஒப்பவில்லை என்று மாப்பிள்ளையிடம் நேராகச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறான். வாசலிலேயே வாய் நீண்டவள் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, ஒங்க காய் இன்னைக்குக் கரியாப் போயிருக்கும். அந்தத் தம்பி இல்லைன்னா அவ்வளவுதான். ஒங்க மச்சான் வாயப் பொளந்து பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு."

"என்ன சொல்றா மச்சான்?"

சொன்னேன். நான் தவறவிட்டதையும் சொன்னேன்.

மச்சினன் உள்ளே போனான். தட்டில் இருந்து ஒரு பிடி எடுத்தான். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தான். நல்ல பச்சை. காதோரம் குலுக்கினான். கலகலவென்று இருந்தது. இன்னொரு தட்டில் இருந்து எடுத்தான். அதையும் குலுக்கினான். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எழுந்து நின்றார்.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன். நேத்து குக்கரு விசிலடிச்சப்ப நீங்களும் அடிச்சீக. அது கேலியா?"

"இல்ல மாமா. அதுவும் கூட வாசிச்ச மாதிரி இருந்துச்சு. பதில் சொல்லாம விட மனசு வரல."

"குக்கரு?"

"ஆமா மாமா."

மச்சினன் என்னைப் பார்த்தான். கையில் இருந்த காயைத் திரும்பக் குலுக்கிக்கொண்டே ரொம்ப நேரம் நின்றான். பெண்கள் சலிப்பதை நிறுத்திவிட்டார்கள். காத்தாடி மட்டும் ஓடியது.

"கல்யாணத்துல வாசிக்கக் கூடாது" என்றான்.

"சரி மாமா."

"யாரு கேட்டாலும். நானே கேட்டாலும்."

"சரி மாமா."

"உங்க இஷ்டம்னு எவனாச்சும் சொன்னா, அவன என்கிட்ட அனுப்புங்க."

வாய் நீண்டவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அடுப்புப் பக்கம் போய் நின்றேன். முகத்தை யாரும் பார்க்க வேண்டாம் என்று.

ஸ்டோருக்குப் பின்னால் மேட்டில் ஏறினால்தான் போன் எடுக்கும். ஏறி மகளுக்குப் போட்டேன். டியூட்டியில் இருந்தாள். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"மாமா வந்திருக்கான்" என்றேன்.

"என்ன சொன்னாரு?"

"கல்யாணத்துல வாசிக்கக் கூடாதாம்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பிறகு சிரிப்பு.

"கல்யாணத்துலன்னாரா? அப்பா, கல்யாணத்துலன்னா சொன்னாரு?"

"ஆமா."

"நீங்க என்ன சொல்றீக?"

"பதம் சரியா இருக்கு" என்றேன்.

சாயங்காலம் மாற்று ஆள் வந்ததும் கீழே இறங்கினோம். மச்சினன் காய் மூட்டையை ஜீப்பின் மேலே கட்டினான். மாப்பிள்ளையின் பெட்டியையும் மேலே போடப் போன டிரைவரைத் தடுத்து, "அது உள்ள இருக்கட்டும்ப்பா" என்று வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். மாப்பிள்ளை பின்னால் பெண்களோடு நெருக்கி உட்கார்ந்தார். அவர்கள் அவரை ஏதோ கிண்டல் செய்துகொண்டு வந்தார்கள். மஞ்சு விலகியிருந்தது. கீழே போடி தெரிந்தது.

மூன்றாவது வளைவு வரைக்கும் எனக்கு நினைவு இருக்கிறது. பிறகு தூங்கிப்போனேன். அந்த ரோட்டில் நான் தூங்கியது அன்றைக்கு ஒரு தடவைதான்.